வீண் வாய்கள்

நெல்லித்தோப்பில் ஜோசெத் மதாமின் மொட்டை மாடியில் பூவிழி கட்டிய முதல் கோட்டை அரைப் பாடம்கூடத் தாங்கவில்லை. மணலைக் குவித்து மேடாக்கி, உச்சியில் ஐஸ் குச்சிகளால் வேலி நட்டு, நடுவில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைத்திருந்தாள். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸ்ல ஒரு பிரபு கட்டின கோட்டை இப்படித்தான் இருக்கும். மண்மேடு, மேல மரக்கோபுரம், கீழ வேலி போட்ட முற்றம்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஜாக் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேட்டின் தலையில் கவிழ்த்துவிட்டான்.

"மழை மிஸ்," என்றான். "பிரான்ஸ்ல மழை பெய்யும்ல?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரஃபாயேல் ஒரு பிடி ஈரமணலை எடுத்து ஏஸ்தெலின் முதுகில் அப்பினான். அவள் வீதிக்கே கேட்கும்படி அலறினாள். யாரோ தீப்பெட்டியைக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எறிந்தார்கள். பூவிழி "சைலன்ஸ்" என்றாள். குரல் வழக்கம்போலத் தொண்டையிலேயே பாதி தங்கிவிட்டது. மாடிப்படியின் தலைப்பில் ஜோசெத் மதாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

இதற்கு முன் இரண்டு பள்ளிகள் பூவிழியை வீட்டுக்கு அனுப்பியிருந்தன. பாடம் நன்றாகத் தெரிகிறது, பிள்ளைகளை அடக்கத் தெரியவில்லை என்று இரண்டு இடத்திலும் ஒரே வாசகத்தைச் சொன்னார்கள். மூன்றாவதாகக் கிடைத்தது இந்த மாலை வகுப்பு. மதாமின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்; அவர் போன பிறகு மதாம் மாடியில் பந்தல் போட்டு, பிரெஞ்சு மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சரித்திரமும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். சரித்திரம் எடுத்த சார் மகனோடு பிரான்ஸில் தூலூஸுக்குக் குடியேறிவிட்டார். அவர் இடத்தில் பூவிழி, தேர்வு விடுமுறை வரைக்கும் சோதனைக்கு. மதாம் நல்ல வார்த்தை சொன்னால் ஊரில் எந்தப் பள்ளியின் கதவும் திறக்கும். சொல்லாவிட்டால் வில்லியனூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் நாற்காலி காலியாக இருந்தது. அப்பா அங்கே பேசியும் வைத்துவிட்டார்.

அதனால் பூவிழி பாடங்களைத் தயார் செய்தாள். தயார் செய்வதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. எந்தப் படத்தை எப்போது காட்ட வேண்டும், எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள், என்ன தப்பான பதில் சொல்வார்கள் என்பதுவரை முன்கூட்டியே யோசித்து வைப்பாள். வீட்டில் பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடம் நடத்திப் பார்ப்பாள். கண்ணாடிக்குள் இருந்தவள் மட்டும் அடங்கி உட்கார்ந்து கேட்டாள்.

மாடியில் பாடத்தைக் கேட்டவள் கவிநிலா ஒருத்திதான். பன்னிரண்டு வயது, ஒல்லி, எண்ணெய் தடவிய இறுக்கமான இரட்டைப் பின்னல். கோட்டை என்றால் அவளுக்கு ஒரு பைத்தியம். தேர்வு எழுதிப் பள்ளியில் இடம் வாங்கியவள். அவள் அப்பா முருகையன் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் செக்யூரிட்டி. பஞ்சு மில் மூடாமல் இருந்திருந்தால் மில்லுக்குப் போயிருப்பார். ரஃபாயேல் அவளுக்கு அண்ணன் முறை. இரண்டு பேருடைய கொள்ளுத் தாத்தாக்களும் கூடப் பிறந்தவர்கள். மூத்தவர் சிப்பாயாக சைகோனுக்குப் போய், மாதா கோயிலில் கல்யாணம் செய்து, பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்த அறுபத்திரண்டில் பிரெஞ்சு நேஷனாலிட்டி வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார். இளையவர் மில்லில் ஷிப்டு இருந்த காரணத்தாலோ, யார் வரிசையில் நிற்பது என்ற அலுப்பாலோ, போடவில்லை. அந்தக் கையெழுத்து ஒரு பக்கத்துக்கு மூன்று மாடி வீடாகவும் பாரிஸ் டிக்கெட்டாகவும் ஆனது. மறுபக்கத்தில் அதைப் பற்றிய பேச்சு மட்டும் இருந்தது. அந்த வகுப்பில் நேஷனாலிட்டி இல்லாத பிள்ளை கவிநிலா ஒருத்திதான். பூவிழிக்கு இது தெரியும். பாடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் பூவிழி ஓர் அட்டைப் பெட்டியையும் ஒரு பால் பவுடர் டப்பாவையும் அருகருகே வைத்தாள்.

"மரக்கோபுரத்த எதிரி எரிச்சிடுவான்னு கல்லுல கட்டினாங்க. முதல்ல இந்த மாதிரி சதுரமா. நூறு வருஷம் கழிச்சு எல்லாரும் வட்டமா கட்ட ஆரம்பிச்சாங்க. ஏன்?"

"டப்பா சீப்பு மிஸ்," என்றான் ஜாக்.

கவிநிலா எழுந்து நின்றாள். "சதுரத்துக்கு மூலை இருக்கு மிஸ். மூலைக்கு அடியில தோண்டினா கோபுரம் அப்படியே உக்காந்துடும். மூலைக்கு அந்தாண்ட ஒருத்தன் நின்னா மேலேர்ந்து பார்க்கவும் முடியாது. வட்டம்னா ஒளிய இடமே இல்ல. கல்லு வீசினாலும் வழுக்கிட்டு போயிடும்."

பூவிழி சொல்ல வைத்திருந்த பதில் அத்தனையும் அதில் இருந்தது. அவள் யோசிக்காத ஒன்றும் கூடுதலாக இருந்தது.

"பின்ன, செக்யூரிட்டி பொண்ணு இல்ல?" என்றான் ஜாக். "எவன் எங்க ஒளிவான்னு அவளுக்குத் தெரியாதா."

"அவங்க அப்பா நிக்கற கேட்டுக்கு எத்தன மூலைன்னு கேளுடா," என்றான் ரஃபாயேல்.

பூவிழி அகழிக்குத் தாவினாள். "சில கோட்டையில அகழியில தண்ணி இருக்கும். பலதுல வெறும் பள்ளம்தான். கழிப்பறை சுவர்லேயே இருக்கும், எல்லாம் நேரா பள்ளத்துலதான் விழும்."

"அப்ப நம்ம பெரிய வாய்க்கால்!" என்று ஏஸ்தெல் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் சிரிப்பு, சத்தம், மணல்.

படியில் மதாமின் செருப்புச் சத்தம் மேலே வந்து, கொஞ்சம் நின்று, கீழே இறங்கியது. போகும்போது, "அடுத்த வாரம் சனிக்கிழமை பெத்தவங்க வந்து வகுப்பப் பார்க்கப் போறாங்க, பூவிழி. அதுக்கப்புறம் நாம பேசுவோம்," என்றார்.

பூவிழி இரண்டு நாள் யோசித்தாள். சுவரும் கோபுரமும் இந்தப் பிள்ளைகளைப் பிடித்து வைக்காது. கோட்டைக்குள் ஆட்கள் வேண்டும், பசி வேண்டும். படிக்கிற காலத்தில் மனசை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்ட ஒரு முற்றுகை அவளுக்கு ஞாபகம் வந்தது. அதை விளையாட்டாக்கினாள். தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்தாள். முதல் கோட்டுக்கு உள்ளே கோட்டை. இரண்டாவது கோட்டுக்கு அந்தப் பக்கம் எதிரி ராஜாவின் படை. நடுவில் இருந்த அகலமான பட்டை பள்ளம். சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டாள்: தளபதி, வில்லாளி, தச்சன், கொல்லன், சமையல்காரி, பாதிரியார், பாட்டுக்காரன். தளபதி சீட்டு ரஃபாயேலுக்கு வந்தது. பாட்டுக்காரன் ஜாக்குக்கு. கவிநிலா பிரித்தபோது கொல்லன். அவள் முகம் மலர்ந்தது.

ஒரு தட்டில் பிஸ்கட்டை வைத்துவிட்டு பூவிழி கதையைத் தொடங்கினாள்.

"நார்மாந்தில, செய்ன் ஆத்துக்கு மேல ஒரு பெரிய கோட்டை. எதிரி சுத்தி வளைச்சிட்டான். ஊர் ஜனமெல்லாம் பயந்துகிட்டு கோட்டைக்குள்ள வந்துட்டாங்க. மழைக்காலம் போச்சு, குளிர் வந்துடுச்சு, தானியம் கொறையுது. தளபதி கணக்குப் பார்த்தான். சண்டை போடத் தெரியாதவங்க, கிழவங்க, பொம்பளைங்க, பிள்ளைங்க. இவங்களுக்கு வீண் வாய்கள்னு பேரு வச்சான். ஒருநாள் கதவைத் தொறந்து வெளிய தள்ளிட்டு, மூடிட்டான்."

"எதிரி கொன்னுட்டானா மிஸ்?" என்று ஏஸ்தெல் கேட்டாள்.

"கொல்லல. போகவும் விடல. திரும்பிப் போனா கோட்டைக் கதவு தொறக்கல. குளிர் பூரா நடுவுல அந்தப் பள்ளத்துலயே கெடந்தாங்க. புல்லைத் தின்னாங்க. நாயைத் தின்னாங்க."

மாடியில் ஒரு சத்தம் இல்லை. கீழே வீதியில் மீன்காரி விலை சொல்வது தெளிவாகக் கேட்டது. ஜாக் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். இத்தனை கண்களும் ஒன்றாகத் தன்மேல் இருந்து பூவிழி பார்த்ததே இல்லை.

"இப்ப நீங்கதான் கோட்டைக்குள்ள. பிஸ்கட்டு பத்தாது. யாராவது ஒருத்தர் வெளிய போகணும். அவங்கவங்க சீட்டைப் பார்த்து, யார் இல்லன்னா கோட்டைக்கு நஷ்டம் கம்மின்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

பாட்டுக்காரனைத்தான் தள்ளுவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு, பாட்டு இல்லாத கோட்டையில் காவல்காரன் எப்படித் தூங்காமல் இருப்பான் என்று கேட்டு, எந்த வாயும் வீண் வாய் இல்லை என்று முடிக்க வேண்டும். முடிவுரைகூட அழகாகத் தயாராக இருந்தது.

ரஃபாயேல் தன் சீட்டைத் தரையில் போட்டான். "இது பிரெஞ்சுக்காரன் ஊர் கோட்டைதானே மிஸ்?"

"ஆமா."

"அப்ப சீட்டு எதுக்கு? நேஷனாலிட்டி இருக்கறவங்க உள்ள. இல்லாதவங்க வெளிய. முடிஞ்சுது."

"அந்தக் காலத்துல நேஷனாலிட்டின்னு ஒண்ணு கெடையாது, ரஃபாயேல்."

"இந்தக் காலத்துல இருக்குல்ல மிஸ்."

ஏஸ்தெல் ஒவ்வொரு முகமாக விரலை நகர்த்தினாள். அவளுக்கு நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை. விரல் போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாரும் கவிநிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கொல்லன்," என்றாள் கவிநிலா, சீட்டைத் தூக்கிக் காட்டி. "நான் போயிட்டா அம்புக்கு முனை யாருடா அடிப்பா?"

"எங்க தாத்தாக்கு பென்ஷன் வருது. கடையில வாங்கிக்குவோம்," என்றான் ஜாக்.

"உங்க கொள்ளுத் தாத்தா அன்னிக்கே கையெழுத்து போட்டிருந்தா நீ உள்ள இருந்திருப்ப," என்றான் ரஃபாயேல். அதில் கோபம் எதுவும் இல்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோல் சொன்னான். "தூங்கிட்டாரு. நாங்க இன்னா பண்றது? கை தூக்குங்கப்பா."

எல்லாக் கையும் உயர்ந்தது.

பூவிழி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "முடிவைப் பிள்ளைகளே எடுக்கட்டும், குறுக்கே பேசக் கூடாது" என்று அவளே எழுதியிருந்தாள். ஆசிரியர் பயிற்சியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். நிறுத்து என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும்: மணல், தண்ணீர் பாட்டில், அலறல். இப்போது ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

"சரி," என்றாள். "கொல்லன் வெளிய போகட்டும்."

கவிநிலா கோடு தாண்டிப் பள்ளத்தில் போய் நின்றாள். மற்றவர்கள் பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தின்றார்கள். பூவிழியின் முடிவுரையை யாரும் கேட்கவில்லை. பின்னாலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது.

"ப்ராவோ," என்றார் ஜோசெத் மதாம். எத்தனை நேரமாக நின்றாரோ. "ஒரு பிள்ளைகூட வாயத் தொறக்கல. சனிக்கிழமை இதையே பண்ணு. அப்படியே. ஒரு சின்ன நாடகமா."

பிள்ளைகள் போன பிறகு கவிநிலா மட்டும் நின்று தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டைக் கால் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், சனிக்கிழமை எனக்கு வேற வேஷம் குடுக்கறீங்களா? கொல்லனா உள்ள இருக்கேன். இல்லன்னா எதிரி ராஜாவா கூட இருக்கேன். பள்ளம் மட்டும் வேணாம்."

"விளையாட்டுதானே கவி."

"விளையாட்டுதான் மிஸ்." கால் விரல் மறுபடி கோட்டைத் தேய்த்தது. "அப்பா வருவாரு."

"மதாம்கிட்ட கேட்டுப் பார்க்கறேன்," என்றாள் பூவிழி. கேட்கத்தான் நினைத்தாள். அன்றைக்கே கீழே இறங்கிப் போய்க் கேட்கவும் கேட்டாள்.

மதாம் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். "சீட்டு போட்டு யாரையாவது மாத்திடலாம் மதாம். அந்தப் பொண்ணுக்குக் கஷ்டமா இருக்குது."

"யாரப் போடப் போற? டாக்டர் பொண்ணு ஏஸ்தெலயா? ரஃபாயேலயா? அவங்க அம்மா என் கழுத்தப் புடிப்பா." மதாம் சிரித்தார். "அதுவுமில்லாம அந்த மூஞ்சியில ஒண்ணு இருக்குது பாரு, அது வேற எந்தப் பிள்ளைக்கும் வராது. நம்ம பிள்ளைங்க கொழுகொழுன்னு இருக்குதுங்க. பசின்னா எவன் நம்புவான்?"

"இல்ல மதாம், வந்து..."

"உன் இஷ்டம், பூவிழி. உன் வகுப்பு. மாத்திட்டு, மறுபடி அவனுங்க பெத்தவங்க எதிர்ல மணல வாரி அடிச்சா எங்கிட்ட வராத. இப்பதான் உனக்குப் பிள்ளைங்க அடங்கறாங்க. அத நீயே கெடுத்துக்காத."

பூவிழி காபியைக் குடித்துவிட்டு வந்தாள். மறுநாள் கவிநிலா அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தானாகவே போய்ப் பள்ளத்தில் நின்றாள்.

அடுத்த வாரம் முழுக்க ஒத்திகை. வகுப்பு தேன்கூடு மாதிரி வேலை செய்தது. மேசைகளில் வரிசையாக மண்மேடு, மரவேலி, சதுரக் கல்கோபுரம், வட்டக் கோபுரம், ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை மதில். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒரு பெரிய மதிலும் செய்தார்கள். அம்புப் பிளவுகளின் அளவு, தூக்குப் பாலத்தின் கயிறு, வாசலுக்கு மேலே கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவதற்கான ஓட்டை எல்லாவற்றையும் கவிநிலாதான் சரி பார்த்தாள். கை வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும் "வெளிய" என்றார்கள். அவள் செருப்பு தினமும் சாக்பீஸ் பள்ளத்துக்குள் கிடந்தது. தண்ணீர்க் குடத்துக்குப் போனால் ஏஸ்தெல் குறுக்கே கையை நீட்டி, "கோட்டைத் தண்ணி" என்பாள். கவிநிலா கீழே தெருக்குழாயில் குடித்துவிட்டு வருவாள். பூவிழி இதைப் பார்த்தாள். சனிக்கிழமை முடியட்டும், எல்லாரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். என்ன பேச வேண்டும் என்பதைக்கூட வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்தாள்.

நாடகத்துக்கு அவள் ஒரு நல்ல முடிவும் எழுதினாள். சரித்திரத்தில் உள்ளதுதான். எதிரி ராஜா பள்ளத்தின் பக்கம் வருகிறான், கூக்குரல் கேட்கிறது, மனம் இரங்கி ரொட்டி கொடுத்துப் போகவிடுகிறான். தளபதியாக ரஃபாயேல். பாட்டுக்காரனாக இருந்த ஜாக்கை ராஜாவாக்கினாள்; அவனுக்குக் குரல் கணீரென்று இருந்தது. கவிநிலாவுக்கு ஒரு வசனம்: "ழே ஃபேம்." பசிக்கிறது. பிறகு ரொட்டியைத் தின்ன வேண்டும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் மாடி நிறைந்துவிட்டது. செண்ட் வாசனை, பிளாஸ்டிக் நாற்காலிகள், லீவுக்கு பிரான்ஸிலிருந்து வந்திருந்த ஒரு பெரியப்பா, தொப்பி போட்ட இரண்டு பழைய சிப்பாய்கள். முருகையனைக் காணோம். பிள்ளைகள் ஒவ்வொரு மேசையாக நின்று மண்மேடு எப்படி மதிலானது என்று பிரெஞ்சில் ஒப்பித்தார்கள். பெற்றவர்கள் தங்கள் பிள்ளை பேசும்போது போனைத் தூக்கினார்கள், மற்ற நேரம் அதே போனைக் குனிந்து பார்த்தார்கள். முற்றுகை தொடங்கியதும் போன்கள் மடியில் இறங்கின.

ரஃபாயேல் அட்டை மதிலுக்குப் பின்னால் ஒரு பெஞ்சின் மேல் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு நின்று கையை வீசினான். தூக்குப் பாலம் இறங்கியது. கோணிப்பையைப் போர்த்திய கவிநிலாவை இரண்டு பேர் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். ஒத்திகையில் தள்ளியதைவிட வேகமாக. அவள் பள்ளத்தில் முழங்கால் தேய விழுந்தாள். பாலம் மேலே போனது. முன்வரிசையில் ஓர் அம்மா "ஐயோ பாவம்" என்று ரசித்துச் சொன்னாள்.

எதிரி ராஜா வந்தான். ஜாக்கின் கையில் பேக்கரியிலிருந்து வாங்கிய நீள ரொட்டி.

"ழே ஃபேம்," என்றாள் கவிநிலா, கையை நீட்டி.

ஜாக் அவளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். ரொட்டியின் நுனியைத் தானே கடித்தான். மென்றான். "ம்ம். சூடா இருக்கு," என்றான்.

சிரிப்பு. அது அவனுக்குப் பிடித்துப்போனது.

"ழே ஃபேம்."

ஜாக் குனிந்து, "விசா இருக்கா?" என்றான்.

மாடி அதிர்ந்தது. பெரியப்பா தொடையில் அடித்துக்கொண்டார். மதில் மேலிருந்து ரஃபாயேல் கத்தினான்: "அப்பாயின்மென்ட் எடுத்துட்டு வரச் சொல்லு! ஆன்லைன்ல!" பழைய சிப்பாய் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏஸ்தெலின் அம்மா பக்கத்து நாற்காலியில் சாய்ந்து விழுந்து சிரித்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற பூவிழிக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. ஜாக், ரொட்டியைக் கொடு. அவள் சொன்னால் அவன் கேட்பான். இந்த வாரம் முழுக்கச் சொன்னதெல்லாம் கேட்டிருந்தான். அவள் வாயைத் திறந்தாள். எதிர்ப்பக்கம் ஜோசெத் மதாம் சிரித்தபடியே ஒரு விரலைத் தூக்கி ஆட்டினார்: இரு, நன்றாகப் போகிறது.

"ழே ஃபேம்," என்றாள் கவிநிலா மூன்றாவது தடவை. இந்தத் தடவை ஜாக்கைப் பார்த்துச் சொல்லவில்லை. நீட்டிய கையோடு தலையைத் திருப்பித் தொட்டியின் பக்கம் பார்த்தாள்.

பூவிழி குனிந்து தாளில் அடுத்த வரியைத் தேடினாள்.

சிரிப்பு ஓய்வதற்குள் ஜாக் ரொட்டியின் அடிக்கட்டையைப் பிய்த்துத் தரையில் போட்டான். அது உருண்டு கவிநிலாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். எழுதிக் கொடுத்தபடி எடுத்துத் தின்றாள். மண்ணோடு தின்றாள். பெற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சமோசாவும் காபியும் வந்தன. பூவிழியைச் சுற்றிக் கூட்டம். எந்தக் காலேஜ்மா, எங்க வீட்டுல இவன் ஒரு நிமிஷம் உக்கார மாட்டான், நீ என்ன மந்திரம் போட்ட என்றார்கள். ஜோசெத் மதாம் அவள் தோளில் கை போட்டு, "இனிமே சரித்திரம் இவங்கதான். நிரந்தரமா. ஸ்கூல்லயும் ஒரு இடம் காலியாகுது, நான் பேசிட்டேன்," என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். பூவிழி சிரித்தாள். சிரிப்பு உண்மையாகத்தான் வந்தது. அதைத் தடுக்க அவளால் முடியவில்லை. பள்ளத்தில் கவிநிலா கோணிப்பையோடு இன்னும் உட்கார்ந்திருந்தாள். நாடகம் முடிந்தது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

முருகையன் நீல யூனிபாரத்தோடு படியேறி வந்து, மூச்சு வாங்க நின்றார். சட்டைத் தோளில் ஹோட்டல் பட்டை. "செக்யூரிட்டி, இந்த நாற்காலிய அந்தாண்ட போடுப்பா, வழியில இருக்குது," என்றாள் ஏஸ்தெலின் அம்மா. அவர் மறுபேச்சில்லாமல் நாலைந்து நாற்காலிகளை அடுக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பூவிழியிடம் வந்தார்.

"முடிஞ்சிட்டுதா மிஸ்? மாத்து ஆளு நேரத்துக்கு வரல. அவன் வந்தாதான் கேட்ட வுட்டு நகர முடியும். ஓடியாந்தேன்." பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "பொண்ணு எப்படி பண்ணா?"

மதாமின் கை பூவிழியின் தோளிலேயே இருந்தது.

"நல்லா நடிச்சா," என்றாள் பூவிழி.

"நல்லாவா! உங்க பொண்ணாலதான் இன்னிக்கு எல்லாரும் கை தட்டினாங்க," என்றார் மதாம்.

முருகையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கவி! இங்க வா கண்ணு. இன்னா வேஷம் உனக்கு?"

கவிநிலா எழுந்து வந்தாள். பூவிழியைப் பார்க்கவில்லை. "கொல்லன்பா," என்றாள். "அம்புக்கு முனை அடிக்கிறவன்."

"கூச்சத்தப் பாரு!" என்று மதாம் சிரித்தார். "பள்ளத்துல பசியில கெடக்கிற பொண்ணு. கல்லும் கரைஞ்சிடும், அப்படி பண்ணிச்சு."

"அப்படியா? சொல்லவே இல்லயே வீட்டுல." முருகையன் மகளின் தலையைத் தடவினார். அவள் முழங்காலில் ரத்தத்தைப் பார்த்தார். "இது சாயமா? நெசம் மாதிரியே இருக்குதே மிஸ்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான்தான் பாக்கல. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா மிஸ்? அவங்க அம்மாக்குக் காட்டணும். அந்த சீன்ல இருந்தாளே, அதே மாதிரி."

"வேணாம்பா. வீட்டுக்குப் போலாம்."

"ஒண்ணே ஒண்ணு கண்ணு."

"அதுக்கென்ன, எடுங்க," என்றார் மதாம். பூவிழியின் தோளை லேசாகத் தட்டினார். "பூவிழி, பசங்களக் கூப்புடு."

கவிநிலா நிமிர்ந்து பூவிழியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. என்ன சொல்லப் போகிறாய் என்று பார்க்கும் பார்வை.

"எல்லாரும் இடத்துக்கு வாங்க," என்றாள் பூவிழி.

ரஃபாயேல் சமோசாவை வாயில் திணித்துக்கொண்டு ஓடி வந்து மதிலுக்குப் பின்னால் பெஞ்சில் ஏறினான். "சித்தப்பா, நான்தான் தளபதி! என்னையும் எடுங்க!"

"உன்ன இல்லாமயா? நல்லா நில்லுப்பா. நம்ம குடும்பத்துல ரெண்டு பேரு ஒரே நாடகத்துல," என்று முருகையன் போனைத் துடைத்துக்கொண்டார். ஜாக் மிச்ச ரொட்டியோடு வந்தான். கவிநிலா சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, முன்பு இருந்த இடத்திலேயே உட்கார்ந்து கோணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரு, கவி," என்றாள் பூவிழி. "மதிலும் படத்துல வரணும்."

அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

"கைய நீட்டு," என்றார் முருகையன். "இன்னும் நல்லா நீட்டு. பசிக்கிறாப்புல மூஞ்சிய வையி. ஆங், அதான்! பாருங்க மிஸ், என்னமா பண்றா!" போன் பளிச்சென்றது. அவர் திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "கண்ண மூடிட்டியே. அப்படியே இரு, இன்னொண்ணு எடுக்கறேன்."

கவிநிலா கையை இறக்கப் போனாள்.

"அசையாத," என்றாள் பூவிழி.